டைமிங் பெல்ட் மாற்றியதிலிருந்து கார் மிஸ்ஸிங் ஆகிறது. பிளக் மாற்றலாமா?

நீங்கள் கேட்டது இது: பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர். டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் மாற்றி எடுத்து வந்த நாளிலிருந்து ஐடிலிங்கில் உதறுகிறது, பிக்கப் இல்லை. மெக்கானிக் நாலு பிளக்கையும் மாற்றச் சொல்கிறார்.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விடுவது, ஒரு சிலிண்டரிலா, நாலிலுமா என்று முதலில் பாருங்கள். நாலு சிலிண்டரின் வால்வுகளையும் ஆட்டி வைப்பது அந்த ஒரே பெல்ட்தான். அது ஒரு பல் தள்ளி விழுந்திருந்தால் நாலும் சேர்ந்துதான் கெடும். ஒன்று மட்டும் மக்கர் செய்கிறது என்றால் பெரும்பாலும் பெல்ட்டைத் திட்டிப் பயனில்லை. இந்தச் சின்னக் கணக்கு புரியாமல் நான் மூன்று வாரம் அலைந்தேன்.

எங்களுக்குப் பள்ளத்தூரில் வீடு. படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு), கல்யாணம் என்று வந்தால்தான் திறப்போம். அப்பச்சியின் பழைய சான்ட்ரோ அங்கேயே கொட்டகையில் நிற்கும். ஓட்டம் குறைவு, ஆனால் ரப்பருக்கு வயது என்று ஒன்று இருக்கிறதே. ஏழு வருஷம் ஆகிவிட்டதால் காரைக்குடியில் ஒரு பட்டறையில் கொடுத்து பெல்ட்டை மாற்றினேன். கோட்டையூர் தாண்டுவதற்குள் உதறல் ஆரம்பித்துவிட்டது.

திருப்பிக் கொண்டுபோனேன். "தம்பி, பெல்ட்டு ஒரு பல்லு மாறியிருக்கும்" என்று பட்டறை மெக்கானிக் மறுபடி கழற்றினார். பெல்ட் ஓடும் சக்கரங்களை நேர்படுத்தும் அடையாளம், அதாவது மார்க், சரியாகத்தான் இருந்தது. அடுத்து புதுப் பிளக். அப்புறம் டேங்கில் பழைய பெட்ரோல் என்றார். அப்புறம் இன்னொரு தடவை பெல்ட். அவர் மோசமான மெக்கானிக் இல்லை. பெல்ட் மாற்றிய பிறகு வந்ததால் பெல்ட்டால்தான் வந்திருக்கும் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

கடைசியில் வண்டியை வீட்டு வாசலில் ஐடிலிங்கில் விட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினேன். ஒன்று, மூன்று, நாலு: பிடுங்கியதும் இன்ஜின் தள்ளாடியது. இரண்டாவதைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இல்லை. ஏற்கெனவே வேலை செய்யாததை நிறுத்தினால் என்ன தெரியப் போகிறது! (பழைய ஆட்கள் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். அதில் ஷாக் அடிக்கும், இக்னிஷன் காயில் கூடக் கெடும். இன்ஜெக்டர் கனெக்டர்தான் நல்லது. செக் இன்ஜின் விளக்கு எரியும், பின்னால் ஸ்கேனரில் அழித்துவிடலாம்.)

இரண்டாவது பிளக்கை மூன்றாவதோடு மாற்றிப் போட்டேன். மிஸ்ஸிங் இடம் மாறவில்லை, எனவே பிளக் இல்லை. இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரைக் கையால் இழுத்ததும் இன்ஜின் ஒரு கணம் சீரானது. டேப்பைப் பிரித்தால் எலி கடித்திருக்கிறது. கடித்தும் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு இழையை, பெல்ட் வேலைக்காக ஒயர்க் கட்டை ஒதுக்கியபோது அறுத்திருக்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அதற்கு முந்தைய தடவையே சொன்னார்: "தம்பி, கொட்டகையில எலி குடும்பமே நடத்துது." நான் சிரித்துவிட்டு விட்டேன்.

உங்கள் வண்டியில் ஸ்கேனர் (கார் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்களைப் படிக்கும் கருவி) போட்டால் இது இன்னும் சுலபம். பி0301 முதல் பி0304 வரை எது வந்தாலும் கடைசி எண்தான் சிலிண்டர். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று இல்லை, பரவலாக. அதோடு பி0016-ம் சேர்ந்து வந்தால் கிராங்க்கும் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) கேமும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒத்துப்போகவில்லை என்று கம்ப்யூட்டரே சொல்கிறது. அப்போது பெல்ட்டைச் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஒரு பல்தானே என்று நினைக்காதீர்கள். கேம் புல்லியில் 40 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் 9 டிகிரி. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று, ஆகவே கிராங்க் கணக்கில் 18 டிகிரி. ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் உயிர் இருக்காது. இது பெரும்பாலும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை விடும்போது நடக்கிறது. பெல்ட் மாட்டும்போது இரண்டு மார்க்கும் நேராக இருக்கும். டென்ஷனர் அழுத்தித் தொய்வை இழுத்ததும் கேம் மெல்ல நகர்ந்துவிடும். அதனால்தான் மாட்டி முடித்து, ஸ்பேனரால் கிராங்க்கை இன்ஜின் ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, மார்க்கை மறுபடி பார்க்க வேண்டும். சுற்றும்போது கெட்டியாக எதிலாவது இடித்தால் அழுத்தக் கூடாது, பிஸ்டன் வால்வில் முட்டிக்கொண்டிருக்கலாம். வெளியே தெரியும் பெரிய புல்லியின் மார்க்கை நம்பவும் வேண்டாம், உள்ளே பெல்ட் ஓடும் சின்னப் பல்சக்கரத்தின் மார்க்தான் கணக்கு. இந்த இரண்டு சுற்றை உங்கள் மெக்கானிக் செய்தாரா என்று கேளுங்கள். தயங்கினால் கவரைத் திறக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்ப்பதும் உதவும். கேம் பின்தங்கியிருந்தால் நாலிலும் ஒன்றுபோல் குறையும். முந்திப் போயிருந்தால் குறையாமலும் காட்டலாம், எனவே மார்க்கைப் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம். ஒரு சிலிண்டரில் மட்டும் அடியோடு இல்லை, பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டும் ஏறவில்லை என்றால் வால்வு வளைந்திருக்கலாம். பெல்ட் பல் மாறியதால் ஒரே சிலிண்டர் கெடும் வழி அதுதான், செலவும் அதிகம்.

மிஸ்ஸிங்கே இல்லாமலும் உதறலாம். சின்னக் கார்கள் பலவற்றில் பெல்ட்டைக் கழற்ற அந்தப் பக்கத்து இன்ஜின் மவுண்ட்டை எடுக்க வேண்டும், அதன் போல்ட் லூசாக இருந்தாலே ஸ்டியரிங் வரை ஆடும். மாட்ட மறந்த வேக்குவம் ஹோஸ், எர்த் ஒயர் இவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். பேட்டரியைக் கழற்றியிருந்தால் ஐடிலிங் கொஞ்ச தூரம் ஓடியபின் தானே சீராகலாம், ஆனால் பிக்கப் இல்லாததற்கு அது காரணமாகாது.

செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.