கழுத்துல நீர்க்கட்டி, ஊசி ரிப்போர்ட்ல கேன்சர் இல்லன்னு வந்துச்சு, அப்படியே விட்டுடலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரருக்கு 47 வயசு, டீ ஃபேக்டரி வேலை, இடது தாடைக்குக் கீழ ஒரு கட்டி, எப்பவும் மப்ளர் சுத்தியிருக்கறதால ரெண்டு மாசம் முன்னாடி ஷேவ் பண்ணும்போதுதான் கையில தட்டுப்பட்டுச்சாம், வலி இல்ல. ஆன்டிபயாட்டிக்ல கொஞ்சம் வத்துச்சு, ஸ்கேன்ல நீர்க்கட்டின்னு வந்துச்சு, ஊசி போட்டு உறிஞ்சதுல வெறும் தண்ணிதான், கேன்சர் செல் இல்லன்னு ரிப்போர்ட். அப்படியே விட்டுடலாமா, இல்ல கீறி எடுத்துடலாமான்னு கேக்கறாங்க.

இப்போதைக்கு ரெண்டுமே வேண்டாம்மா. நீர்க்கட்டிங்கறது உள்ள தண்ணி இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது, என்ன வியாதின்னு இன்னும் யாரும் சொல்லல.

இதே கட்டி இருபது, இருபத்தஞ்சு வயசுப் பையனுக்கு வந்திருந்தா பிறவியிலேயே தங்கிப்போன பிராங்கியல் சிஸ்ட்டா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், சளி பிடிச்சா பெருசாகும், அப்புறம் வத்தும். ஆனா 40 வயசுக்கு மேல பக்கவாட்டுக் கழுத்துல புதுசா வந்தா, இல்லன்னு உறுதியாகிற வரைக்கும் கேன்சர் நெறிகட்டான்னு தேடணும், அதான் எங்க இஎன்டி பாடம். டான்சில்லயோ நாக்கோட அடிப்பகுதியிலயோ கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதா ஆரம்பிச்சு, நெறியில பரவி, அது உள்ள அழுகி தண்ணியாகிடும், தைராய்டு கேன்சரும் இப்படி வரும். பீடி, வெத்தலை, ஹான்ஸ் பழக்கமே இல்லாதவங்களுக்கும் எச்பிவி வைரஸால டான்சில் கேன்சர் வருது, அதனால "அவருக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்ல"ன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. இந்த எச்பிவி வகையும் தைராய்டு வகையும் சிகிச்சைக்கு நல்லா கேக்கும், பயந்து ஒதுங்க வேண்டாம்.

ஆன்டிபயாட்டிக்ல வத்துச்சேன்னா, கட்டியைச் சுத்தி இருந்த வீக்கம் குறைஞ்சிருக்கலாம், அவ்வளவுதான், முழுசா மறையலன்னா அதை வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது.

ஊசி ரிப்போர்ட் விஷயத்துலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. செல்லு இருக்கறது கட்டியோட சுவர்ல, நடுவுல தண்ணிதான், குடத்துத் தண்ணியை மோந்து பாத்து குடத்துல ஓட்டை இருக்கான்னு சொல்ல முடியுமா? அதனால மறுபடி ஊசி போடணும், இந்தத் தடவை அல்ட்ராசவுண்ட்ல பாத்துக்கிட்டே முதல்ல தண்ணியை வடிச்சுட்டு, மிச்சம் தடிப்பா இருக்கற சுவர்லயிருந்து எடுக்கணும், அப்பவும் தெளிவு வரலன்னா கோர் பயாப்சி, அதாவது கொஞ்சம் தடிமனான ஊசியால சின்ன சதைத் துண்டா எடுத்துப் பாக்கறது. வடிச்ச தண்ணியைக் கீழ கொட்டிடாம தைரோகுளோபுலின் டெஸ்டுக்குக் குடுக்கச் சொல்லுங்க, தைராய்டிலிருந்து வந்ததான்னு அது காட்டிக் குடுக்கும். டிபிக்கு சிபிநாட் டெஸ்டும் கேளுங்க, நம்ம ஊர்ல கழுத்து டிபியும் சூடு, வலி இல்லாம இப்படியே வீங்கும், அதுன்னா மாத்திரையிலயே குணமாகிடும்.

அமெரிக்க இஎன்டி சங்கம் 2017-ல வெளியிட்ட வழிகாட்டியிலயும் இதான் இருக்கு: ரெண்டு வாரத்துக்கு மேல நிக்கற கட்டின்னா சந்தேகப்படு, நீர்க்கட்டின்னா காரணம் தெரியற வரைக்கும் விடாதே.

கீறி எடுக்கறதைப் பத்தி கண்டிப்பா சொல்றேன், காரணம் தெரியறதுக்கு முன்னாடி யாரையும் கத்தி வைக்க விடாதீங்க. அது கேன்சரா இருந்துட்டா சுத்தி இருக்கற தசையில சிந்திடும், பின்னாடி பண்ற பெரிய ஆபரேஷனும் சிக்கலாகிடும். பத்து போட்டு பழுக்க வைக்கற வேலையும் வேண்டாம்.

அடுத்து ஒரு இஎன்டி டாக்டர்கிட்ட போய் மூக்கு வழியா கேமரா டியூப் விட்டு தொண்டை முழுக்கப் பாக்கணும், டான்சிலையும் நாக்கு அடியையும் விரலால தடவிப் பாக்கணும், கேமராவுக்குத் தெரியாத கெட்டி விரலுக்குத் தெரியும். கூடவே காண்ட்ராஸ்ட் மருந்து ஊசி போட்டு கழுத்து சிடி ஸ்கேன், அதுக்கு முன்னாடி கிட்னி சரியா இருக்கான்னு கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் பாப்பாங்க, சுகர் மாத்திரை சாப்பிடறவரா இருந்தா சொல்லிடுங்க. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியில ஆரம்பிக்கலாம், அங்கிருந்து அனுப்பினா மேட்டுப்பாளையம் வழியா கோவை பெரியாஸ்பத்திரி. போகும்போது முதல் ஊசியோட கண்ணாடி ஸ்லைடையே லேப்ல கேட்டு வாங்கிட்டுப் போங்க, வெறும் பேப்பர் ரிப்போர்ட் போதாது, காப்பீட்டு அட்டையும் வேணும்.

குரல் மாறுது, முழுங்கக் கஷ்டம், ஒரு பக்கம் மட்டும் காது வலி, எடை குறையுதுன்னா தேயிலை சீசன் முடியட்டும்னு காத்திருக்காம இந்த வாரமே கிளம்புங்க, மூச்சு வாங்குச்சுன்னா ராத்திரியா இருந்தாலும் உடனே 108.