எஸ்டிமேட் சாஃப்ட்வேரில் மை, நிறம் பதிவது எப்படி?

மதுரையில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறீர்கள். அச்சுச் செலவைக் கணக்கிடும் எஸ்டிமேட் சாஃப்ட்வேரில் நான்கு வண்ண வேலைக்குச் சரியாக வரும் மைக் கணக்கு, தங்க நிறக் கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் உதைக்கிறது என்கிறீர்கள். மையையும் நிறத்தையும் ஒரே பதிவில் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

மைப் பதிவில் கிலோ விலையும், முழுத் திட்டாக அடித்தால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பிடிக்கும் என்பதும் இருக்க வேண்டும். 1.5 கிராம் என்று தொடங்கலாம். 19×25 அங்குலத் தாள் 1000 என்றால் ஏறக்குறைய 306 சதுர மீட்டர். அதில் 25 சதவீதப் பரப்பில் மை விழுந்தால் ஏறக்குறைய 115 கிராம், அதுவும் ஒரு நிறத்துக்கு. பூச்சுள்ள ஆர்ட் பேப்பருக்கும் பூச்சில்லாத மேப்லித்தோ தாளுக்கும் தனித்தனி அளவு கொடுங்கள். மேப்லித்தோ மையைக் கூடுதலாகக் குடிக்கும். தங்க மைக்கும் தனிப் பதிவு கட்டாயம்: விலையும் அதிகம், பிடிப்பதும் அதிகம்.

நிறப் பதிவில் பெயர், எந்த மை, அப்புறம் நிறம் மாற்றும்போது மெஷின் கழுவும் நேரம். பலரும் விடுவது இந்தக் கழுவும் நேரத்தைத்தான். 300 பத்திரிகைக்கு மையைவிட அதுதான் செலவு. மாதம் ஒருமுறை மை டப்பாவை எடைபோட்டு, கிராம் அளவைத் திருத்துங்கள்.