வண்ணக் கண்ணாடி விளக்குக்குடை: கேட்டவர்களுக்குப் பதில்

பூ வேலையும் கட்ட வேலையுமாகக் கண்ணாடி விளக்குக்குடைகள் செய்வதைப் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, டிஃபனி விளக்குகளை ‘ஈயம் பதித்தவை’ என்கிறார்கள். தேவாலய ஜன்னல்களில் இருக்கும் ஈயப் பட்டைதானா அது?

பெயர் அப்படி நிலைத்துவிட்டது. ஜன்னலில் இருப்பது இரண்டு பக்கமும் பள்ளம் உள்ள ஈயச் சட்டம். கண்ணாடி அந்தப் பள்ளத்தில் உட்காரும். கட்டைவிரல் நகம் அளவுத் துண்டுகளை ஒரு கவிகையின் வளைவில் பொருத்த அந்தச் சட்டம் தடிமன், தொய்யவும் செய்யும். அதனால் ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் மெல்லிய செம்பு நாடாவைச் சுற்றி, அதன்மேல் சால்டரை, அதாவது பற்றவைக்கும் ஈயக் கலவையை, உருக்கி ஓடவிடுகிறோம். கண்ணாடித் துண்டுகளைச் செம்பால் இணைக்கும் முறைக்கு பாஸ்டனில் சான்ஃபோர்ட் பிரே 1886-இல் காப்புரிமை பெற்றார். நியூயார்க்கில் டிஃபனி பட்டறை அந்த வழியில்தான் விளக்குகளைச் செய்தது. கறுப்புக் கோடாகத் தெரிவது சால்டர். அதில் ஈயம் இருப்பதால் அந்தப் பெயர்.

இவ்வளவு பூக்களையும் டிஃபனியே வரைந்தாரா?

லூயி கம்ஃபர்ட் டிஃபனிதான் வரைந்தார் என்று நெடுங்காலம் நம்பினார்கள். பிறகு கிளாரா டிரிஸ்கால் தன் குடும்பத்துக்கு எழுதிய கடிதங்கள் வெளிப்பட்டன. பட்டறையின் பெண்கள் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவர் அவர். 1900 பாரிஸ் கண்காட்சியில் பரிசு பெற்ற தும்பி விளக்கு அவருடையது. கொத்துக் கொத்தாகத் தொங்கும் கொடிப்பூவான விஸ்டீரியாவை ஏறத்தாழ 2,000 துண்டுகளில் காட்டும் விளக்கும் அவருடையதே. 2007-இல் நியூயார்க்கில் இதற்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. திருமணமான பெண்களுக்கு டிஃபனி பட்டறையில் வேலை இல்லை என்பது விதி. மணமாகி விலகிய கிளாரா, கணவர் இறந்த பிறகுதான் திரும்ப வர முடிந்தது. ஒரு இதழுக்கு எந்தக் கண்ணாடித் தாளின் எந்த மூலையை வெட்டுவது என்று தீர்மானித்தவர்கள் இந்தப் பெண்கள்தான். அந்த விளக்குகளின் உயிர் அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

புதிதாகத் தொடங்குபவன் நான். பூவா, கட்டமா? கட்டம் சுலபமாகத்தானே இருக்கும்?

தம்பி, எல்லாரும் இதில்தான் ஏமாறுகிறோம். வெட்டுவதற்குக் கட்டம் சுலபம். சேர்ப்பதற்கு அது கறார்ப் பேர்வழி.

12 கண்ணாடிப் பலகை கொண்ட கூம்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்விளிம்பு மூலைக்கு மூலை 40 செ.மீ., மேல்விளிம்பு 8 செ.மீ. என்றால் ஒவ்வொரு பலகையின் அடி 10.35 செ.மீ., தலை 2.07 செ.மீ. வரும். பலகைக்கு ஒரு மில்லிமீட்டர் கூடினால் சுற்றி வரும்போது 12 மில்லிமீட்டர் கூடிவிடும். என் முதல் கூம்பில் பதினொரு பலகைகள் அழகாக நின்றன, பன்னிரண்டாவதற்கு இடமில்லை. அன்று இரவு அத்தனையையும் பிரித்தேன். செம்பு நாடாவின் தடிமனையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. துண்டுகளின் வடிவம் வரைந்த அட்டையை வெட்ட மூன்று அலகு கொண்ட கத்தரி வைத்திருப்பதே அதற்காகத்தான்: கோட்டில் மெல்லிய ஒரு கீற்றை அது எடுத்துவிடும்.

பூ வேலை மன்னிக்கும். ஓர் இலை கொஞ்சம் ஒல்லியானால் அது இன்னோர் இலை, அவ்வளவுதான். ஆனால் வளைவு கூடிய இடத்தில் துண்டு சிறிதாக இருக்க வேண்டும். தட்டையான கண்ணாடி வளையாது. சிறு சிறு தட்டைகள் சேர்ந்துதான் வளைவாகத் தோன்றுகின்றன. பெரிய பூவை மேல்பக்கம் வைக்காதீர்கள்.

கடையில் அழகாக இருந்த கண்ணாடி, விளக்கில் அழுக்காகத் தெரிகிறது. ஏன்?

கடையில் அதன்மேல் விழுந்த ஒளியில் பார்த்திருக்கிறீர்கள். விளக்கில் ஒளி அதனூடே வருகிறது. பால்போல மங்கலான ஓபலசென்ட் கண்ணாடியில் இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. என்னிடம் ஒரு தாள் இருக்கிறது: மேசையில் கிடந்தால் பாசி பிடித்த தொட்டித் தண்ணீர். பின்னால் பல்பை வைத்தால் ஒரு மூலையில் மாந்தளிரின் செம்பழுப்பு, அங்கிருந்து நான்கு விரல் தள்ளி இளம்பச்சை, நடுவே புகைபோல ஒரு வெள்ளை. அந்த நிறம் மாறும் இடத்தில் அட்டையை வைத்து வெட்டினால் ஒரே துண்டில் இலையின் காம்பும் நுனியும் கிடைக்கும். தாளின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் வெறும் பச்சை.

ஆகவே அட்டையின்மேல் வரி ஓடும் திசையை அம்புக்குறியிட்டுக் கொள்ளுங்கள். முக்கியமாக, கடைசியில் எந்த பல்பைப் போடப் போகிறீர்களோ அதே பல்பை வைத்துத் தேர்ந்தெடுங்கள். 2700 கெல்வின் மஞ்சள் ஒளியில் கனன்ற சிவப்பு 6500 கெல்வின் வெள்ளையில் செத்துப்போகும். டிஃபனிக்குக் கண்ணாடி கொடுத்த கோகோமோ ஆலை 1888 முதல் இந்தியானாவில் இருக்கிறது. அங்கிருந்து வாங்குங்கள், எங்கிருந்தும் வாங்குங்கள், சோதனை ஒன்றுதான்.

வெட்டும்போது கோடு ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம் போகிறது.

கண்ணாடியைக் கீறும் சக்கரம் உள்ள கட்டரை ஒரே தடவை ஓட்டுங்கள். போட்ட கோட்டின்மேல் மறுபடி ஓட்டினால் கண்ணாடியும் கெடும், சக்கரமும் கெடும். சக்கரத்தில் துளி மண்ணெண்ணெய் இருக்கட்டும். பட்டுத் துணி கிழிவதுபோல் சீரான ஓசை வந்தால் சரி. உட்பக்கம் குழியும் வளைவை ஒரே வெட்டில் எடுக்க ஆசைப்படாதீர்கள். இரண்டு மூன்று பிறைகளாகக் குறட்டால் எடுங்கள்.

ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே, அந்த ஈயம்தானே இது? பிறகு ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?

நல்ல கேள்வி, ஆபத்தான குழப்பம். ரசச் சொம்பு வெள்ளீயம். நச்சு காரீயம். நாம் பயன்படுத்தும் 60/40 சால்டரில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். உருக்கும் வெப்பத்தில் காரீயம் ஆவியாவதைவிடக் கைவழியே வாய்க்குப் போவதுதான் பெரிய வழி. வேலை மேசையில் காபி டம்ளர் கூடாது. எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்கே வேண்டாம். புகை பெரும்பாலும், சால்டர் ஒட்டுவதற்காக முதலில் பூசும் ஃபிளக்ஸிலிருந்து வருவது. அதற்கு ஜன்னலும் மின்விசிறியும் வேண்டும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் நவச்சாரம் போட்டுத் தேய்ப்பாரே, ஃபிளக்ஸுக்கும் அதே வேலைதான்.

சால்டர் ஒரு பக்கமாக வழிந்து கோடு முண்டும் முடிச்சுமாக இருக்கிறது.

உருகிய உலோகம் தண்ணீர்தான், பள்ளம் தேடும். பற்றவைக்கும் கோடு எப்போதும் மட்டமாக இருக்கும்படி குடையைத் திருப்பிக்கொண்டே இருங்கள். மணல் நிரப்பிய பெட்டி போதும். முதலில் 50/50 சால்டர் கொண்டு நிரப்புங்கள். அது ஏறத்தாழ 214 டிகிரி செல்சியஸில்தான் முழுக்க உருகும் என்பதால் கீழே போடும் கோடு எளிதில் இளகாது. மேல்பூச்சுக்கு 60/40, அது 190 டிகிரியிலேயே இளகி வழுவழுப்பாக உருண்டு நிற்கும். ஓரிடத்தில் பற்றவைக்கும் அயர்னை அழுத்தி நிறுத்தினால் கண்ணாடி விரிசல் விடும்.

சால்டர் கோட்டுக்குச் செம்பு நிறம் வர என்ன பூசுவது?

மயில்துத்தக் கரைசல், கையுறையோடு. முன்பாக ஃபிளக்ஸை முழுவதும் கழுவுங்கள், இல்லையேல் சில வாரத்தில் வெள்ளை பூக்கும்.

முடித்த குடையில் நடுத் துண்டு ஒன்று விரிசல் விட்டுவிட்டது. முழுவதையும் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம். கண்ணாடி போடுங்கள் (மூக்கில் போடுவதைச் சொல்கிறேன்). விரிசல் விட்ட துண்டின்மேல் கட்டரால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மெல்லத் தட்டி, நடுவிலிருந்து சில்லுகளைக் குறட்டால் எடுங்கள். விளிம்புச் சால்டரைச் சூடாக்கிப் பழைய நாடாவை உருவிவிடுங்கள். ஓட்டையின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அளவெடுத்து, புதுத் துண்டை ஒரு மயிரிழை சிறிதாக வெட்டி, நாடா சுற்றிப் பற்றவையுங்கள். ஒரு மணி நேர வேலை.

அதே கண்ணாடித் தாளின் மிச்சத்தை எடுத்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா?