பிரவுசருக்கும் பில் போடுகிறார்கள்

கம்ப்யூட்டர், போன் சம்பந்தமான கடிதங்கள் சேர்ந்துபோனதால் இந்த வாரம் முழுக்க பிரவுசர்தான். கிரைண்டர், வாஷிங் மெஷின்காரர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளவும். கடிதங்களை வெட்டிச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

கேள்வி: லேப்டாப்பை சர்வீசுக்குக் கொடுத்தேன். பில்லில் 'குரோம் பிரீமியம், லைஃப்டைம்: ரூ.1,499' என்று ஒரு வரி. கேட்டால், "ஃப்ரீ குரோமில் வைரஸ் வரும் மேடம், இது கம்பெனி வெர்ஷன்" என்கிறார். உண்மையா?
*ஆசிரியை, திண்டுக்கல்*

பதில்: சுத்தப் பொய். 2008 செப்டம்பரில் வெளிவந்த நாளிலிருந்து கூகுளின் பிரவுசரான குரோம் இலவசம்தான். வீட்டு உபயோகத்துக்கு அதில் பிரீமியமும் கிடையாது, லைஃப்டைமும் கிடையாது. ஏற்றிக்கொடுத்த வேலைக்குக் கூலி கேட்கட்டும், தப்பில்லை. அதை சர்வீஸ் சார்ஜ் என்று எழுத வேண்டும். இல்லாத சரக்கின் பெயரில் எழுதுவது மோசடி. நல்லவேளை, பில் வாங்கியிருக்கிறீர்கள். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல கடைகளில் அந்த எண்ணைச் சொன்னாலே கல்லாப்பெட்டி திறந்துகொள்ளும். வீட்டுக்குப் போனதும் அந்த 'பிரீமியத்தை' அழித்துவிட்டு, கூகுளின் சொந்தத் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். அவர் எதை ஏற்றி வைத்திருக்கிறாரோ!

கேள்வி: இருப்பதிலேயே வேகமான பிரவுசர் எது?
*கோவை வாசகர்*

பதில்: திறந்து வைத்திருக்கும் எண்பது டேப்பையும் மூடிவிட்டு மறுபடி கேளுங்கள்.

கேள்வி: பழைய சாமான் கடையில் 'நெட்ஸ்கேப் நேவிகேட்டர்' என்று ஓர் அட்டைப்பெட்டி பார்த்தேன். உள்ளே சி.டி., கையேடு. 3,500 ரூபாய் சொல்கிறார். பிரவுசரைப் பெட்டியில் போட்டெல்லாம் விற்றார்களா? வாங்கினால் இன்று ஓடுமா?
*கல்லூரி மாணவர், சென்னை*

பதில்: விற்றார்கள் தம்பி, அமெரிக்கக் கடைகளில் நாற்பது, ஐம்பது டாலருக்கு. முதல் பிரவுசர் என்னவோ விற்பனைக்கென்று பிறந்ததில்லை. ஜெனிவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ல் எழுதியது. அதில் பக்கத்தைப் படிக்கவும் செய்யலாம், அங்கேயே திருத்தவும் செய்யலாம். 1993 ஏப்ரல் 30 அன்று, இந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று செர்ன் எழுதியே கொடுத்துவிட்டது. அதே வருடம் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் வந்தது. எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் சேர்ந்து தெரிந்ததில் ஊரே அதன் பின்னால் ஓடியது. மொசைக்கை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன், ஜிம் கிளார்க்கோடு சேர்ந்து 1994-ல் தொடங்கியதுதான் நெட்ஸ்கேப். மாணவர்களுக்குச் சும்மா, கம்பெனிகளுக்குக் காசு என்பது அவர்கள் கணக்கு. 1995 ஆகஸ்ட் 9 அன்று பங்குச்சந்தைக்கு வந்தார்கள். 28 டாலர் பங்கு அன்று மாலையே 58 டாலரைத் தாண்டி நின்றது.

வினையும் அதே மாதத்தில்தான் வந்தது. மைக்ரோசாஃப்டிடம் அப்போது சொல்லிக்கொள்ளும்படி பிரவுசர் இல்லை. மொசைக்கின் உரிமத்தை வைத்திருந்த ஸ்பைகிளாஸ் என்ற சின்னக் கம்பெனியிடம் போய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தொகை, கூடவே விற்பனையில் ஒரு பங்கு என்று பேசி வாங்கி, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்று பெயர் வைத்தது. பிறகு அதைத் தனியாக விற்கவே இல்லை. சும்மா கொடுத்தது, விண்டோஸுக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது. விற்பனையே இல்லை என்றால் பங்கு எங்கிருந்து வரும்? ஸ்பைகிளாஸ் மல்லுக்கட்டி, 1997-ல் 80 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போனது. கடைக்காரர் யாராவது "இது ஃப்ரீ சார்" என்றால் எனக்கு அந்தக் கம்பெனிதான் ஞாபகம் வரும். யாரோ ஒருவர் தலையில் கை வைக்காமல் ஃப்ரீ வராது.

அந்த 1997 அக்டோபரில் எக்ஸ்புளோரரின் நான்காம் பதிப்பு வெளியானது. அன்றிரவு மைக்ரோசாஃப்ட் ஆட்கள் ராட்சத 'இ' எழுத்து ஒன்றைக் கொண்டுபோய் நெட்ஸ்கேப் அலுவலகப் புல்வெளியில் நிறுத்திவிட்டு வந்தார்கள். நெட்ஸ்கேப்காரர்கள் அதைக் கவிழ்த்துப் போட்டு, மேலே தங்கள் டைனோசர் பொம்மையை ஏற்றி, 'நெட்ஸ்கேப் 72, மைக்ரோசாஃப்ட் 18' என்று சந்தைக் கணக்கை எழுதி மாட்டினார்கள். அந்த 72 தங்கவில்லை. 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப்பும் விலையைத் தூக்கிவிட்டு இலவசமானது. அந்த வருடம் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டது. கம்பெனியை இரண்டாக உடைக்கச் சொல்லி 2000-ல் உத்தரவும் வந்தது. மறு வருடமே மேல்முறையீட்டில் அந்த உத்தரவு அடிபட்டுப்போனது. ஆனால் ஏகபோகத்தைத் தவறாகப் பயன்படுத்தியது உண்மைதான் என்று மேல் கோர்ட்டும் சொன்னது. போட்டியாளர் படுத்த பிறகு வாடிக்கையாளருக்கு என்ன கிடைத்தது தெரியுமா? 2001-ல் எக்ஸ்புளோரர் 6. அதற்கு அடுத்த பதிப்பு 2006-ல்! அதுவும், நெட்ஸ்கேப்பின் சாம்பலிலிருந்து எழுந்த ஃபயர்ஃபாக்ஸ் 2004 நவம்பரில் வந்து பயம் காட்டிய பிறகுதான்.

இந்தக் 'கூடவே வருவது' இருக்கிறதே, அதில்தான் எனக்குத் தீராத கோபம். டிவி வாங்கினால் ரிமோட்டில் நாம் கேட்காத நான்கு பட்டன். போன் வாங்கினால் அழிக்கவே முடியாத பத்து ஆப். முதலில் உள்ளே உட்கார்ந்தவன் ஜெயிக்கிறான், காரணம் நாம் செட்டிங்ஸ் பக்கமே போவதில்லை. ஆப்பிளின் பிரவுசரான சஃபாரியில் முதல் தேடுபொறியாக உட்கார கூகுள் 2022-ல் மட்டும் கொடுத்தது 2,000 கோடி டாலர். அமெரிக்க கோர்ட்டில் வெளிவந்த தொகை இது. நாம் மாற்ற மாட்டோம் என்ற நம்பிக்கைக்கு விலை அவ்வளவு. ஆண்ட்ராய்டு போன்களில் தன் ஆப்களைத் திணித்த விவகாரத்தில் நம்முடைய போட்டி ஆணையமும் அதே 2022-ல் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உங்கள் போனைத் திறந்து பாருங்கள், கூகுள் ஆப்கள் அதே இடத்தில்தான் இருக்கும்.

பெட்டி விஷயத்தை மறந்தே போனேன். சி.டி. ஓடினாலும் ஓடலாம், இன்றைய தளங்களின் பாதுகாப்பு முறை அதற்குப் புரியாது, அநேகமாக எதுவும் திறக்காது. 2008 மார்ச்சோடு நெட்ஸ்கேப்புக்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள். அலமாரியில் வைத்து அழகு பார்க்க என்றால் ஐந்நூறுக்கு மேல் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் பார்க்க வேண்டிய ஒரு போர்ட்டல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும்தான் வேலை செய்கிறது. அதற்கென்றே விண்டோஸ் 7 போட்ட பழைய லேப்டாப் 9,000 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?
*கணக்கர், ஈரோடு*

பதில்: வேண்டாம். எக்ஸ்புளோரர் 2022 ஜூனில் ஓய்வுபெற்றுவிட்டாலும், மைக்ரோசாஃப்டின் இன்றைய எட்ஜ் பிரவுசருக்குள், எக்ஸ்புளோரருக்கென்று செய்த தளங்களைத் திறக்க 'ஐ.இ. மோட்' என்று ஒன்று இருக்கிறது. குறைந்தது 2029 வரை அதை வைத்திருப்பதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. எட்ஜ் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் பிரவுசர்' பக்கத்தில் தேடுங்கள், காசு செலவில்லை. விண்டோஸ் 7-க்கு குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. இப்படிப் பாதுகாப்பில்லாத அந்த மெஷினில் நீங்கள் டிஜிட்டல் கையெழுத்து போடுவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

கேள்வி: ஃபேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து மிக்ஸிக்கு 4,200 ரூபாய் கட்டினேன். பிரவுசரின் முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்ததால்தான் நம்பினேன். மூன்று நாளில் அந்தத் தளத்தையே காணோம்.
*இல்லத்தரசி, தஞ்சாவூர்*

பதில்: முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். பிறகு இதைப் படித்தால் போதும். தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மேல் தப்பில்லை அம்மா. பூட்டைப் பார், பூட்டைப் பார் என்று பேங்குகளும் பத்திரிகைகளும் வருடக்கணக்காகச் சொன்னதைத்தான் நம்பியிருக்கிறீர்கள். நெட்ஸ்கேப் காலத்தில், 1990-களின் நடுவில் வந்த ஏற்பாடு அது. நீங்கள் அனுப்பும் கார்டு எண்ணை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். மறுமுனையில் இருப்பவன் யோக்கியனா என்று அதற்குத் தெரியாது. பத்து வருடத்துக்கும் மேலாக, பூட்டு தெரிவதற்குத் தளம் வாங்க வேண்டிய சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனுக்கும் சேர்த்து. அதனால்தான் 2023-ல் குரோம் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது. பார்க்க வேண்டியது முகவரியை. முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வைத்து இடதுபக்கம் நகருங்கள். 'டாட் காம்', 'டாட் இன்' என்பதை ஒட்டி அதற்கு முன்னால் இருக்கும் பெயர்தான் கடையின் பெயர். பிரபல கம்பெனியின் பெயர் அங்கே இல்லாமல் வேறெங்கே இருந்தாலும் அது வெறும் ஜோடனை.

கேள்வி: ஒரு பிரஷர் குக்கரைத் தெரியாமல் பார்த்துவிட்டேன். போகிற பக்கமெல்லாம் குக்கர் விளம்பரம். இன்காக்னிட்டோ போட்டால் தப்பிக்கலாமா?
*திருநெல்வேலி வாசகர்*

பதில்: குக்கீ என்ற துண்டுத் தகவலை 1994-ல் நெட்ஸ்கேப்பின் லூ மொன்டுல்லி கண்டுபிடித்ததே, ஆன்லைன் கடையில் கூடைக்குள் என்ன போட்டீர்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான். விளம்பரக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் பின்னாலேயே வருகிறார்கள். செட்டிங்ஸில் 'மூன்றாம் தரப்பு குக்கீ'யை, அதாவது நீங்கள் போன தளம் அல்லாமல் வேறு ஆள் வைக்கும் குக்கீயை, தடுத்துவிடுங்கள், பாதி தொல்லை குறையும். இன்காக்னிட்டோ உங்கள் வீட்டுக்காரம்மாவிடமிருந்து மறைக்கும். ஆபீஸ் நெட்வொர்க்கிடமிருந்தும் நீங்கள் போகும் தளத்திடமிருந்தும் மறைக்காது.

கேள்வி: உள்நாட்டு பிரவுசர் 'உலா' எப்படி? குரோமை விட்டு மாறலாமா?
*மதுரை வாசகர்*

பதில்: சென்னையின் ஜோஹோ 2023-ல் விட்டது. விளம்பரத் தொல்லையைத் தடுப்பதில் சுத்தமாக வேலை செய்கிறது, இலவசம், தாராளமாகப் போடலாம். ஆனால் அதன் என்ஜின் குரோமுக்கு அடியில் இருக்கும் அதே குரோமியம்தான். எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி எல்லாமே அப்படித்தான். தெருவில் ஆறு டிபன் கடை, ஆறுக்கும் மாவு ஒரே மில்லிலிருந்து. என்ஜினே வேறாக வேண்டும் என்றால் மிச்சம் இருப்பது ஆப்பிளின் சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும். அந்த ஃபயர்ஃபாக்ஸுக்கும் வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் கொடுப்பதுதான்.

கேள்வி: 2001-ல் தமிழ் இணைய இதழ்களின் பக்கங்களை ஹார்டு டிஸ்கில் சேமித்து வைத்தேன். இப்போது திறந்தால் கிறுக்கல் எழுத்து. 'டேட்டா ரெக்கவரி'க்கு 6,000 கேட்கிறார்கள்.
*ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கும்பகோணம்*

பதில்: ஐயா, கொடுக்காதீர்கள்! உங்கள் டேட்டா பத்திரமாகவே இருக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன்னால் திஸ்கி, டாப் என்ற பழைய குறியீடுகள், ஆளுக்கொரு சொந்த எழுத்துரு என்று தமிழ்த் தளங்கள் ஓடின. படிப்பவரிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் தெரியட்டும் என்று எக்ஸ்புளோரருக்கு ஒரு வகை, நெட்ஸ்கேப்புக்கு வேறு வகை என்று பக்கத்தோடு அனுப்பினார்கள். இன்றைய பிரவுசர் அவற்றைக் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான். 'யூனிகோடு மாற்றி' என்று தேடினால் இலவசமாக எத்தனையோ கிடைக்கும். கிறுக்கலை ஒட்டி, திஸ்கியா டாப்பா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் தமிழ் எழுந்து வரும்.

கேள்வி: எல்லாத் தளத்திலும் 'அலவ்' கேட்டது, கொடுத்தேன். இப்போது நாள் முழுக்க 'உங்கள் போனில் 13 வைரஸ்' என்று வருகிறது. போனை மாற்ற வேண்டுமா?
*சேலம் வாசகர்*

பதில்: பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர் அத்தனையையும் நீக்குங்கள். கேட்டவனுக்கெல்லாம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு என்னிடம் போன் விலை கேட்கிறீர்கள்.

கேள்வி: தள்ளுபடி கூப்பன்களைத் தானே தேடித்தரும் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு ஒட்டவைக்கும் குட்டி மென்பொருள்) ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. போடலாமா?
*புதுச்சேரி வாசகர்*

பதில்: டயல்-அப் காலத்தில் சென்னை ரிச்சி தெருவில் 450 ரூபாய் கொடுத்து, 'இணைய வேகம் இரட்டிப்பு' என்ற சி.டி. வாங்கினேன். வேகம் கூடவில்லை. பிரவுசருக்கு மேலே மூன்று டூல்பார் ஒட்டிக்கொண்டன, முகப்புப் பக்கம் ஏதோ சூதாட்டத் தளத்துக்குப் போனது. உங்கள் எக்ஸ்டென்ஷன் போடும்போது ஒரு பெட்டி வருமே, 'நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள தகவல்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி' என்று? அதை ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். வாசித்த பிறகும் போடுவதானால் போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.