சோம்பலா, திமிரா?

கேள்வி: டல்லாஸில் மகள் வீட்டுக்குப் போய் வந்தேன். கடை, தெரு எங்கும் ஸ்பானிஷ் காதில் விழுகிறது. ஆனால் பக்கத்து வீட்டு அமெரிக்கருக்கு அதில் ஒரு வாக்கியம்கூடத் தெரியாது. கற்கும் எண்ணமும் இல்லையாம். ஐந்து வயதுப் பேரனை ஸ்பானிஷும் ஆங்கிலமும் சேர்ந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். ‘எதற்கு வீண் சுமை’ என்று மருமகன் மறுத்துவிட்டார். நம் ஊர் ஆட்டோக்காரரே மூன்று மொழி பேசுகிறார். அமெரிக்கர்களுக்கு இது சோம்பலா, திமிரா?
— வாசகர், திருச்சி

பதில்: இரண்டும் இல்லை. நம் ஆட்டோக்காரர் மூன்று மொழி பேசுவது பிழைப்புக்காக. டல்லாஸ்காரருக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆங்கிலம் ஒன்றை வைத்தே படித்து, சம்பாதித்து, ஓய்வும் பெற்றுவிடலாம். எல்லோரும் சொல்லும் காரணம் இது, உண்மையும்தான். ஆனால் பாதி உண்மை. அங்கே வேற்றுமொழிகளை அரசே அடித்து விரட்டிய கதையும் இருக்கிறது.

சின்சினாட்டி பள்ளிகளில் 1840 முதலே ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்த்துச் சொல்லித்தந்தார்கள். 1915இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஜெர்மன் படித்தார்கள். 1917இல் முதல் உலகப் போரில் ஜெர்மனிக்கு எதிராக அமெரிக்கா இறங்கியதும் எல்லாம் தலைகீழானது. 1918 மே மாதம் அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் அறிக்கை விட்டார்: பள்ளியில், ரயிலில், தொலைபேசியில், ஏன், தேவாலய வழிபாட்டில்கூட ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும். மறு வருடம் நெப்ராஸ்கா ஒரு சட்டம் போட்டது. எட்டாம் வகுப்பு தேறாத பிள்ளைக்கு அயல்மொழி சொல்லித்தருவது குற்றம். ஹாம்ப்டன் என்ற சிற்றூரில் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர், பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மனில் பைபிள் கதை படிக்கக் கற்றுத்தந்தார். அதற்கு 25 டாலர் அபராதம். மேயர் விடவில்லை. 1923இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஆனால் அதற்குள் ஜெர்மன் படிக்கும் மாணவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்றாகிவிட்டது.

ஜெர்மன்காரர்களாவது வெள்ளையர்கள். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து 1879 முதல் கார்லைல் போன்ற விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசியதற்காகத் தண்டித்தார்கள். நீங்கள் போய் வந்த டெக்சாஸிலேயே, 1960கள் வரை பள்ளியில் ஸ்பானிஷ் பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. அந்தப் பிள்ளைகள்தான் பின்னாளில் தங்கள் குழந்தைகளிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இத்தனைக்கும் பிறகு அங்கே மனதில் பதிந்தது என்ன? தாத்தாவின் மொழியை விட்டால்தான் முழு அமெரிக்கன். வேற்றுமொழி பேசுபவன் இன்னும் வந்து சேராதவன். 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கி டிரம்ப் போட்ட ஆணைக்குப் பின்னாலும் இதே எண்ணம்தான். பள்ளிகளும் பெரும்பாலும் பதினான்கு வயதில்தான் அயல்மொழியைத் தொடங்குகின்றன. கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டுமே என்று இரண்டு வருடம் படித்துவிட்டு மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

அமெரிக்கர்களுக்கு மொழி வராது என்று மட்டும் சொல்லாதீர்கள். வெர்மான்ட்டில் பிறந்த மிரன் வின்ஸ்லோ 67,000 சொற்களுக்கு மேல் திரட்டி, 1862இல் சென்னையில் தமிழ்–ஆங்கில அகராதி வெளியிட்டார். மாசசூசெட்ஸ் மருத்துவர் சாமுவேல் கிரீன் யாழ்ப்பாணம் மானிப்பாயில் தமிழ் கற்று, தமிழிலேயே மருத்துவம் சொல்லித்தந்தார். இருவரும் மிஷன் பணிக்காக வந்தவர்கள். மொழி தேவைப்பட்டது, கற்றார்கள். 1957இல் ரஷ்யாவின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்ததும், பின்தங்கிவிட்டோமோ என்று பயந்து அடுத்த வருடமே அமெரிக்க அரசு சட்டம் போட்டு மொழிக் கல்விக்குப் பணத்தைக் கொட்டியதும் நடந்ததுதான்.

சரி, பக்கத்து வீட்டுக்காரரை விடுங்கள். அவர் சொன்னதையேதான் உங்கள் மருமகனும் சொல்லியிருக்கிறார். அதை நீங்கள் கவனித்த மாதிரி தெரியவில்லை. தமிழும் ஆங்கிலமும் கேட்டு வளரும் ஐந்து வயதுப் பையனுக்கு இன்னொரு மொழி சுமையே இல்லை. அந்த வகுப்பில் பாடத்தையே இரண்டு மொழியிலும் நடத்துவார்கள்; விளையாட்டுப் போக்கில் ஒட்டிக்கொள்ளும். மகளிடம் இன்றைக்கே பேசுங்கள். முதல் வகுப்பைத் தாண்டிவிட்டால், அந்த மொழி ஏற்கெனவே தெரியாத பிள்ளைகளைப் பெரும்பாலான பள்ளிகளில் இந்த வகுப்புகளில் சேர்ப்பதில்லை.