ரேஞ்சில் நன்றாக அடிக்கும் பிள்ளை மைதானத்தில் ஏன் திணறுகிறது? ஜூனியர் கோல்ஃப் கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு 11 வயது. ரேஞ்சுக்கு (பந்தடித்துப் பழகும் திடலுக்கு) போகும்போதெல்லாம் 100 பந்து அடிக்கிறாள், அருமையாகப் போகிறது. மைதானத்தில் இறங்கினால் சொதப்பல். ஏன்?

பதில்: ஒரே கிளப்பால் (கோல்ஃப் மட்டையால்) ஒரே திசையில் முப்பது பந்து அடிக்கும்போது, முந்தைய அடியைக் கொஞ்சம் திருத்திக்கொண்டாலே போதும். மைதானத்தில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு அடிக்கும் கிளப் வேறு, தூரம் வேறு, நடுவில் சில நிமிட நடை.

100 பந்தை 50 ஆக்குங்கள். முதல் 15 உடம்பு பழகவும், கோச் சொன்ன ஒரே ஒரு திருத்தத்துக்கும். மீதி 35-இல் அடுத்தடுத்த இரண்டு பந்தை ஒரே கிளப்பால் அடிக்கக் கூடாது. பழகிய மைதானத்தை மனத்தில் வைத்து டிரைவர் (தூர அடிக்கான கிளப்), 7 ஐயன் (நடுத்தரத் தூரத்துக்கு), வெட்ஜ் (கிட்டத்தில் தூக்கி அடிக்க) என்று ஹோல் ஹோலாக, அதாவது ஒரு குழியை முடித்து அடுத்த குழி என்று ஆடட்டும். ஒவ்வொரு முறையும் பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஆரம்பத்தில் ரேஞ்சில் அடி மோசமானது போலத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள்.

இன்னொன்று, ரேஞ்சில் புல்லுக்குப் பதில் செயற்கை விரிப்பு (மேட்) இருந்தால் அது ஏமாற்றும். பந்துக்கு முன்பே தரையைத் தொட்ட கிளப்கூட விரிப்பில் வழுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடும். புல்லில் அதே அடி மண்ணில் சிக்கிப் பாதி தூரத்தில் விழும். வாரம் ஒரு முறையாவது புல்லில் ஒரு கோடு போட்டு ஐயன் ஸ்விங் செய்யச் சொல்லுங்கள். கிளப் பெயர்த்தெடுக்கும் மண் கோட்டுக்கு அந்தப் பக்கம், இலக்கின் பக்கம் இருக்க வேண்டும்.

கேள்வி: பள்ளி முடிந்து ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. எதற்கு எவ்வளவு?

பதில்: பாதி நேரம் கிரீனைச் சுற்றியே, அதாவது குழி இருக்கும் வழவழப்பான புல்தரையைச் சுற்றியே. சின்னப் பிள்ளைகளின் அடி பெரும்பாலும் கிரீன் வரை எட்டாது, அதனால் சிப்பும் (கிரீனை நோக்கித் தூக்கிவிடும் சின்ன அடி) புட்டும் (கிரீனில் உருட்டிவிடும் அடி)தான் ஸ்கோரைக் காப்பாற்றும். கிரீனைச் சுற்றி 9 இடம், இடத்துக்கு ஒரே பந்து. சிப் செய்து, புட் போட்டு முடிக்கட்டும். இடத்துக்கு இரண்டு முறை அடிப்பது கணக்கு, மொத்தம் பார் (அடிக்க வேண்டிய எண்ணிக்கை) 18. ஸ்கோரை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 27-இல் தொடங்கும் பிள்ளை 24-க்கு வருவது கண்ணுக்குத் தெரிந்தால், அடுத்த நாள் தானே கிளம்பும்.

புட்டிங்குக்கு, புட்டர் (புட் போடும் கிளப்) தலையைவிடச் சற்றே அகலமாக இரண்டு டீயை (பந்தை நிறுத்தும் சிறு குச்சி) குத்தி, அவற்றின் நடுவே தட்டட்டும். பிறகு ஹோலைச் சுற்றி 3 அடி தூரத்தில் எட்டுப் பந்து. ஒன்று தவறினாலும் முதலிலிருந்து.

கேள்வி: என் பழைய கிளப்பை வெட்டிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வெட்டினால் ஷாஃப்ட் (தண்டு) விறைப்பாகும், கிளப் தலையின் கனம் குறையாது, கிரிப் (கைப்பிடி) பிஞ்சுக் கைக்குத் தடிமன். அந்தக் கனத்தைத் தூக்கப் பிள்ளை பின்னால் சாயும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. டிரைவர், ஹைபிரிட், 7 ஐயன், 9 ஐயன், சாண்ட் வெட்ஜ், புட்டர். இந்த ஆறு போதும். விதி சொல்லும் 14 கிளப் உச்சவரம்புதான், அத்தனையும் வேண்டியதில்லை. வளரும் வயது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீளத்தைப் பாருங்கள்.

கேள்வி: பந்து எப்போதும் வலப்பக்கம் வளைகிறது. இடப்பக்கம் குறிவைக்கச் சொல்கிறேன், இன்னும் மோசம்.

பதில்: அப்படித்தான் ஆகும். ஸ்விங் செல்லும் பாதையைவிடக் கிளப் முகம் வலப்பக்கம் திறந்திருப்பதால் வளைகிறது. இடப்பக்கம் குறிவைத்தால் பாதையும் இடப்பக்கம் திரும்பி, இடைவெளி கூடும். முதலில் கிரிப்பை, அதாவது கிளப்பைப் பிடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். வலக்கை ஆட்டக்காரர் குனிந்து பார்த்தால் இடக்கையில் இரண்டு, மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறதென்றால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: மகனுக்கு எட்டு வயது. ஒரு ஹோலை முடிக்க 10, 11 முறை அடிக்க வேண்டியிருக்கிறது, அழுகிறான்.

பதில்: தூரம்தான் குற்றவாளி. ஒவ்வொரு ஹோலையும் கிரீனிலிருந்து 25 கஜத்தில் தொடங்கட்டும். 9 ஹோலையும் மொத்தம் 36 முறை அடிப்பதற்குள் முடித்ததும் 50 கஜம், பிறகு 100.

கேள்வி: போட்டியில் பக்கத்தில் நின்று எந்தக் கிளப் என்று சொல்லலாமா?

பதில்: கேடியாக (கிளப் பையைத் தூக்கி ஆலோசனை சொல்லும் உதவியாளராக) நீங்கள் இல்லாதபோது சொல்லக் கூடாது, பிள்ளைக்கு அபராத அடி விழக்கூடும். பயிற்சியிலேயே கிளப்பை அவர்களே எடுக்கட்டும். தவறாக எடுத்தாலும் அடித்து முடிக்கும்வரை வாய் திறக்காதீர்கள்.