ஒரே ஒரு சுற்று – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கார் பந்தய வீரர் ஆலன் குல்விக்கி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 1992-இன் கடைசிப் பந்தயத்தில் ஜெயித்தவர் பில் எலியட். இரண்டாவதாக வந்த குல்விக்கி, ஆண்டு முழுக்கச் சேர்த்த புள்ளிகளில் பத்தே புள்ளி முந்தி, அமெரிக்கக் கார் பந்தயத் தொடரான நாஸ்காரின் சாம்பியன் ஆகிவிட்டார். இது அதிர்ஷ்டம்தானே? பெரிய அணியில் சேர்ந்திருந்தால் இன்னும் நிறைய ஜெயித்திருப்பார் என்றும் தோன்றியது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அதிர்ஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்று அட்லாண்டாவில், குல்விக்கியைவிட முப்பது புள்ளி முன்னால் இருந்த டேவி ஆலிசன் மோதலில் சிக்கியிராவிட்டால் கோப்பை அவருக்கே போயிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது முழுக்கக் கணக்கு.

எலியட்டைவிடப் பத்துப் புள்ளி முன்னால் இருந்தபடிதான் குல்விக்கி பந்தயத்துக்கே வந்தார். வெற்றிக்கு 175, இரண்டாமிடத்துக்கு 170. அதிகச் சுற்றுகள் முன்னணியில் ஓடியவருக்குத் தனியாக ஐந்து. அந்த ஐந்தைக் குறிவைத்து, எந்தச் சுற்று வரை முன்னால் இருந்தால் போதும் என்று குழு கணக்குப் போட்டது. அதுவரை அவர் பிட்டுக்கு (எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் நிற்கும் இடத்துக்கு) வரவில்லை. கடைசியில் குல்விக்கி 103 சுற்று, எலியட் 102. இது தலைகீழாக மாறியிருந்தால் இருவர் புள்ளியும் சமம். சமமானால் அதிக வெற்றி பெற்றவருக்கே பட்டம் என்பதால், அந்த ஆண்டு ஐந்து வெற்றி பெற்ற எலியட்தான் சாம்பியன் ஆகியிருப்பார்; குல்விக்கிக்கு இரண்டே வெற்றி. இத்தனைக்கும் பிட்டிலிருந்து கிளம்பும்போது முதல் கியர் உடைந்துபோய், பாக்கிப் பந்தயத்தை அது இல்லாமலே ஓட்டினார்.

இரண்டு மாதம் முன்பு டோவர் பந்தயத்தில் கார் மோதியபோது எலியட்டைவிட 278 புள்ளி பின்தங்கியிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெரிய அணி விஷயம். விஸ்கான்சினில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர், இருந்ததை விற்றுவிட்டு, நாஸ்கார் அணிகள் நிறைந்த சார்லட்டுக்கு வந்தார். 1986-இல் ஒரு கார், இரண்டு இன்ஜின். அதை வைத்தே ஆண்டின் சிறந்த புதுமுகம். பெரிய அணி ஒன்றின் முதலாளி ஜூனியர் ஜான்சன் பத்து லட்சம் டாலர் தருவதாகக் கூப்பிட்டும் போகவில்லை. 1991-ஐ நிலையான விளம்பரதாரர் இல்லாமலே தொடங்கினார். எனக்கு அது வறட்டுப் பிடிவாதமாகப் படவில்லை. வண்டியில் எதை மாற்றுவது என்ற முடிவு தன்னிடமே இருக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கு அது கிடைக்காது. அந்த ஓயாத கணக்குப் புத்தியை வேறொரு முதலாளி எவ்வளவு நாள் பொறுத்துக்கொண்டிருப்பார்?

1988-இல் பீனிக்ஸில் முதல் வெற்றி கிடைத்ததும் அவர் செய்ததை என்னால் மறக்க முடியவில்லை. காரை எதிர்த்திசையில் திருப்பி ஒரு சுற்று ஓட்டினார். அப்படி ஓட்டினால்தான் ஓட்டுநர் பக்க ஜன்னல் பார்வையாளர்களை நோக்கி இருக்கும், நேருக்கு நேர் கையசைக்கலாம்.

1993 ஏப்ரல் 1 அன்று பிரிஸ்டல் பந்தயத்துக்குப் போகும் வழியில் விமானம் விழுந்து இறந்தார். வயது 38. மறுநாள் அவர் அணியின் லாரி முன்பக்கம் கறுப்பு வளையத்துடன் மெதுவாகத் தடத்தைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பியது. அந்த ஞாயிறு பந்தயத்தில் ஜெயித்த ரஸ்டி வாலஸ், காரை எதிர்த்திசையில் திருப்பி ஒரு சுற்று ஓட்டினார்.